ஆயுதக் காவலோடு தடுப்பூசி போடப் போகலாமா? கிழக்குக் காங்கோவில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மலர்_எம்டி:

வணக்கம். சமூக மருத்துவத்தில் எம்.டி. முடித்துவிட்டு மாவட்ட அளவில் தடுப்பூசி, டெங்கு கண்காணிப்பு என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் கள ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். கிழக்குக் காங்கோ, கொள்ளைநோய்ப் பணி. அடுத்த வாரம் நேர்காணல். பேசுவதற்கு ஒரு சூழ்நிலையை முன்கூட்டியே அனுப்பியிருக்கிறார்கள். சுருக்கமாக இதுதான்:

ஒரு கிராமத்தில் எபோலா. நேற்று தடுப்பூசிக் குழுவின் வண்டி மீது கல்லெறிந்திருக்கிறார்கள். மாகாண நிர்வாகம் ஆயுதக் காவல் தருகிறேன் என்கிறது. குழுவில் பாதிப் பேர் காவல் இல்லாமல் போக மாட்டோம் என்கிறார்கள். துப்பாக்கி வந்தால் யாரையும் உள்ளே விட மாட்டோம் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். நோயாளியோடு பழகியவர்களுக்கு நோய் வருகிறதா என்று பார்க்கும் 21 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

எனக்கு முதலில் தோன்றியது, காவலை வாங்கிக்கொள்வது. கூட வேலை செய்கிறவர்களின் உயிர்தானே முதலில்? ஆனால் 2018-20 எபோலா பற்றிப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. மாமனார் இந்த வேலையே வேண்டாம் என்கிறார், அது தனிக் கதை. அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். 'நீங்கள் தைரியசாலி' என்று மட்டும் எழுதாதீர்கள், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது, கிண்டலாக.

ராஜு_கும்பகோணம்:

சிம்பிள். 'எல்லாத் தரப்போடும் பேசி, அபாயத்தை மதிப்பிட்டு, தலைமையகத்தைக் கேட்டு முடிவெடுப்பேன்' என்று சொல்லுங்கள். எல்லா நேர்காணலிலும் இதுதான் ஓடும். வாழ்த்துகள்.

குளிர்ப்பெட்டி:

டாக்டர், நான் மருத்துவன் இல்லை. தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் ஆரம்பித்து, கஸ்டம்ஸ், ஜெனரேட்டர், டீசல் என்று சுற்றி, 2019-இல் கிழக்குக் காங்கோவின் புட்டெம்போ நகரில் தடுப்பூசிக் குளிர்பதன வேலைக்கு லாஜிஸ்டிக்ஸ் ஆளாகப் போய்ச் சேர்ந்தவன். அதனால் வண்டிப் பக்கத்திலிருந்துதான் என்னால் சொல்ல முடியும்.

ராஜு சொன்ன பதில் நேர்காணலுக்குப் போதும். வேலைக்குப் போதாது. தலைமையகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் டிரைவர் இஞ்சினை ஆன் பண்ணி வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

அந்த ஊர்க்காரர் ஏன் கல்லை எடுக்கிறார்? அதைப் பார்க்காமல் காவல் வேண்டுமா வேண்டாமா என்று பேசிப் பயனில்லை. பெனி வட்டாரத்தில் 2014 அக்டோபரிலிருந்து ஏ.டி.எஃப். என்ற ஆயுதக் குழு இரவில் ஊருக்குள் புகுந்து வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. அரசு இராணுவம் இருந்தது, ஐ.நா. அமைதிப்படை இருந்தது, வெட்டு மட்டும் நிற்கவில்லை. 2018 ஆகஸ்ட் 1 அன்று எபோலா என்று அறிவித்தார்கள். கொஞ்ச நாளில் வெள்ளை லேண்ட் குரூசர்கள் வரிசையாக வந்து இறங்கின. எங்களை வெட்டியபோது வராத நீங்கள் காய்ச்சல் என்றதும் ஏன் ஓடி வருகிறீர்கள் என்று சந்தையிலும் சர்ச் வாசலிலும் கேட்டார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது? என்னிடம் இல்லை.

அதற்கு மேல் தேர்தல் வேறு. 2018 டிசம்பர் 30 அன்று நாடே ஓட்டுப் போட்டது. எபோலாவையும் பாதுகாப்பையும் காரணம் காட்டி பெனி, புட்டெம்போ வாக்குப்பதிவை மார்ச்சுக்குத் தள்ளிவிட்டார்கள். புது அதிபர் ஜனவரியிலேயே பதவி ஏற்றுவிட்டார். அப்புறம் எதற்கு ஓட்டு? எதிர்க்கட்சிக்குச் செல்வாக்குள்ள வட்டாரம் என்பதால் யாரும் இதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. பெனியில் சனங்களே ஒரு மாதிரித் தேர்தல் நடத்தினார்கள், கை கழுவிவிட்டு வரிசையில் நின்று. சந்தைக்குக் கூட்டமாகப் போகலாம், சர்ச்சுக்குப் போகலாம், ஓட்டுச்சாவடிக்கு மட்டும் போகக்கூடாது என்றால் எபோலாவை யார் வியாதி என்று நம்புவார்? இதெல்லாம் நடந்த பிறகு, அதே அரசின் போலீஸ் துப்பாக்கியோடு நம் வண்டிக்கு முன்னால் போகிறது. நாம் யார் பக்கம் என்பதை ஊர் தானாகவே முடிவு கட்டிவிடும்.

2019 பிப்ரவரி 24 கட்வா சிகிச்சை மையம், 27 புட்டெம்போ சிகிச்சை மையம். இரண்டிலும் தாக்குதல், தீ. நடத்தி வந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வெளியேறியது. அடுத்த மாதம் அதன் தலைவர் ஜோன் லியூ ஜெனீவாவில் உட்கார்ந்து, இந்த நோயை நாம் கட்டுப்படுத்தவில்லை, சாவுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் மையத்துக்கு வராமலே ஊருக்குள் நடக்கிறது, போலீஸை வைத்து வற்புறுத்தினால் சனங்கள் இன்னும் ஒளிந்துகொள்வார்கள் என்கிற தொனியில் வெளிப்படையாகப் பேசினார். உள்ளே இருந்த பெரிய ஆட்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. என்னைக் கேட்டால் அந்தக் கொள்ளைநோய்க் காலத்தில் தலைமை என்று சொல்லத்தக்க காரியங்களில் அது ஒன்று. பணம் வந்துகொண்டிருக்கும்போது 'தோற்றுக்கொண்டிருக்கிறோம்' என்று சொல்ல நெஞ்சு வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 9 காலை புட்டெம்போ மையத்தின் மேல் மறுபடி தாக்குதல், ஒரு போலீஸ்காரர் செத்தார். உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் அன்றைக்கே அங்கே வந்து நின்றார். போட்டோவுக்கு வந்தார் என்று சொன்னவர்கள் உண்டு. இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

அப்புறம் ஏப்ரல் 19. டாக்டர் ரிச்சர்ட் முசோகோ, கேமரூன்காரர், உலக சுகாதார நிறுவனத்துக்காக வந்த தொற்றுநோயியலாளர். புட்டெம்போ பல்கலைக்கழக மருத்துவமனையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஆயுதத்தோடு நுழைந்து சுட்டுவிட்டார்கள். வண்டிக்குக் காவல், ரோட்டுக்குக் காவல் என்றுதான் எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் இறந்தது கூட்ட அறையில்.

சரி, எது வேலை செய்தது? எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். எர்வெபோ என்ற எபோலாத் தடுப்பூசி மைனஸ் 60-லிருந்து 80 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆர்க்டெக் என்று ஒரு பெட்டி, பெரிய பால் கேன் மாதிரி இருக்கும், சில நாள் தாங்கும். ஆரம்பத்தில் நோயாளியின் வீட்டு வாசலிலேயே அதை இறக்கி, தார்ப்பாய் கட்டி, நாற்காலி போட்டு, அக்கம்பக்கத்தாரை வரச் சொல்வார்கள். வண்டிகள் எந்த வீட்டு முன்னால் நிற்கிறதோ அந்த வீட்டின் மானம் அன்றோடு போயிற்று. ஊசி அப்போது ஆய்வு நிலையில் இருந்ததால் ஒப்புதல் படிவம் வாசிக்க வேண்டும், போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். அத்தனை நேரமும் தெருவே வேடிக்கை பார்க்கும். பிறகு இடத்தை மாற்றினார்கள். அந்த வீட்டிலிருந்து தள்ளி, ஊரே சொல்லும் ஒரு பொது இடத்தில், பள்ளி மைதானமோ சர்ச் வளாகமோ. யார் யாருக்குத் தொடர்பு என்று வேடிக்கை பார்க்கிறவனுக்குத் தெரியாது. சனங்கள் தாங்களாக நடந்து வந்தார்கள். சில பகுதிகளில் கோட்டு, சின்னம் எதுவும் இல்லாமல் சாதாரண உடையில், மோட்டார் சைக்கிளில் போனோம்.

எங்கள் டிரைவர் நாண்டே இனத்தவர், அந்த மண்ணுக்காரர். காலையில் பாதுகாப்பு அதிகாரி வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டி முடித்த பிறகு இவர் ஓரமாகப் போய் இரண்டு மூன்று போன் பேசுவார். ரோட்டில் ஏறினால் எதிரே சந்தைக்கு வரும் பெண்களைத்தான் பார்ப்பார். மரவள்ளிக்கீரைக் கட்டைச் சுமந்துகொண்டு, நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் கூடை தொங்க, வரிசையாக வருவார்கள். சந்தை நாளில் ஒன்பது மணிக்கு அந்த வரிசை இல்லையென்றால் வண்டியைத் திருப்பிவிடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. பின்சீட்டு மருத்துவர் ஒருவர் கேட்டார், அன்றைய இலக்கு போயிற்றே என்று. ஒருங்கிணைப்பாளர் அம்மா ரேடியோவிலேயே, டிரைவர் திருப்பினால் திருப்பினதுதான், விவாதம் ஆபீஸில் வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்குத் தெரிந்த பாதுகாப்பு விதிமுறை அதுதான், மற்றதெல்லாம் பைலில் இருந்தது.

காசையும் மறக்காதீர்கள். காவலுக்கு வருகிறவர்களுக்குத் தினப்படி உண்டு. வாடகை வண்டிக்கு ஊரில் கேட்டிராத விலை. 'எபோலா பிசினஸ்' என்று அங்கே வாய்க்கு வாய் சொல்வார்கள். அபாயம் இருக்கும்வரை படி வரும் என்றால் அபாயம் எதற்குக் குறையும்? தலைநகர் கின்ஷாசாவிலிருந்தும் மாகாணத் தலைநகர் கோமாவிலிருந்தும் ஆள் கொண்டுவந்து இறக்கினால் புட்டெம்போ பையன் என்ன நினைப்பான்? யாரை வேலைக்கு எடுக்கிறீர்கள் என்பதும் பாதுகாப்பு விஷயம்தான், அதை மனிதவளப் பிரிவின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு நான் பதில் எழுதினால்: நாளைக்கு வண்டி போகாது. அந்த ஊருக்கு ஏற்கெனவே பழக்கமான பக்கத்து சுகாதார நிலைய நர்ஸ், பெரியவர்கள் அனுப்பும் ஆளோடு, ஊசி இல்லாமல் போவார், அவர் சம்மதித்தால். காய்ச்சல் பார்க்க வெப்பமானியை ஊர்ப் பையன்கள் கையிலேயே கொடுத்துப் பழக்குவார், அதனால் 21 நாள் கணக்கு அறுந்துபோகாது. தடுப்பூசி இடத்தை ஊர் சொல்லட்டும். காவல் கட்டாயம் என்று அரசு பிடிவாதம் பிடித்தால் கூட்டு ரோட்டிலேயே நிற்கட்டும், கண்ணில் படாமல். போக மாட்டேன் என்கிற பாதிப் பேரில் ஒருவர் மீதும் சம்பளத்திலோ மதிப்பீட்டிலோ கை வைக்கக்கூடாது.

ஹவில்தார்_ஓய்வு:

குளிர்ப்பெட்டி தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் எனக்கு ஒப்பில்லை.

நான் இராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவன். கோமாவில் ஐ.நா. படைக்காக இந்திய இராணுவம் நடத்திய மருத்துவமனையில் வேலை பார்த்திருக்கிறேன். குண்டடி பட்டு வந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன். ஊர் ஏற்றுக்கொண்டால் போதும் என்பது, ஊர்க்காரன் கல்லெறியும் வரைக்கும் சரி. காட்டிலிருந்து வருகிறவன் ஊரைக் கேட்டுவிட்டா வருகிறான்? 2019 நவம்பர் 27-28 இரவு பியாகாட்டோ மைன்ஸ் என்ற ஊரில் எபோலாக் குழு தங்கியிருந்த முகாமுக்குள் புகுந்து கொன்றார்களே. தடுப்பூசிக்காரர் ஒருவர், டிரைவர்கள் இருவர், ஒரு போலீஸ்காரர். அங்கே எந்தப் பெரியவரிடம் போய்ப் பேசுவது? அதன் பிறகு ஆட்களை விலக்கிக்கொண்டார்கள், நோயாளியைத் தேடிப் போக ஆளில்லை.

அம்மா, நீங்கள் பொறுப்பாளர். ஊருக்குள் எப்படிப் போவது என்பதை அவர் சொன்ன மாதிரி செய்யுங்கள். இரவு படுக்கிற இடத்துக்குச் சுவரும் காவலும் கேளுங்கள். இதில் வெட்கம் வேண்டாம்.

குளிர்ப்பெட்டி:

அண்ணே, படுக்கிற இடம் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. தங்குமிடம் வேறு, ஊசி போடும் இடம் வேறு. டாக்டர், இதை நேர்காணலில் பிரித்தே சொல்லுங்கள்.

ஆனால் பியாகாட்டோவில் செத்தது யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஹெலிகாப்டர் வந்தால் ஏற்றிக்கொண்டு போக வெளிநாட்டுக்காரர் பட்டியல் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். டிரைவரின் வீடு அங்கேயேதான். அவர் எங்கே போவார்?

இன்னொரு விஷயம் விட்டுப்போயிற்று. 2019 ஜூலை 17 அன்று சர்வதேச அவசரநிலை அறிவித்தார்கள். அதே மாதம் எபோலாப் பணியின் பொறுப்பு காங்கோ நாட்டு வைரஸ் நிபுணர் ழான்-ழாக் முயெம்பே கைக்கு வந்தது, சுகாதார அமைச்சர் அதில் கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்தார். முயெம்பே 1976-இல் யம்புக்குவில் முதல் எபோலா வந்தபோதே போய் வெறுங்கையால் இரத்தம் எடுத்தவர். அந்த நாட்டுக்காரர் தலைமையில் இருக்கிறார் என்பதே பேச்சின் தொனியை மாற்றியது. எல்லாம் அவரால் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பியாகாட்டோ அவர் காலத்தில்தான். 2020 ஜூன் 25 அன்று முடிந்தது என்று அறிவிப்பதற்குள் 3,470 பேருக்கு நோய், 2,287 சாவு.

கரைத்துறை:

காங்கோ எனக்குத் தெரியாது. விட்டுப் போவது என்றால் என்ன என்று தெரியும், அதனால் எழுதுகிறேன்.

2008 செப்டம்பரில் கிளிநொச்சியிலிருந்து ஐ.நா.வும் தொண்டு நிறுவனங்களும் வெளியேற வேண்டும் என்று இலங்கை அரசு உத்தரவிட்டது. போகாதேயுங்கோ என்று சனம் அவர்களின் வாசலில் திரண்டு நின்றது. போய்விட்டார்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு நின்றது. 2009-இல் புதுமாத்தளனிலிருந்து காயக்காரரைக் கப்பலில் ஏற்றினார்கள், எங்கட சித்தியும் அதில் வந்தவர். அந்த ஆண்டு அவர்களின் உள்ளூர்ப் பணியாளர்கள் மூன்று பேர் எறிகணையில் செத்தார்கள். செஞ்சிலுவைக்குத் துப்பாக்கிக் காவல் இல்லை, இரண்டு பக்கத்தோடும் கதைத்துக் கதைத்துத்தான் ஒவ்வொரு கப்பலும் வந்தது. ஐ.நா. தன்னுடைய நடத்தையைத் தானே விசாரித்து 2012-இல் அறிக்கை வெளியிட்டது, சனத்தைக் கைவிட்டோம் என்ற பொருளில்.

நின்றவர்கள் செய்தது சரி, போனவர்கள் செய்தது பிழை என்று சும்மா சொல்லிவிட ஏலாது, செத்தவர்களின் வீட்டுக்காரரையும் எனக்குத் தெரியும். ஆனால் போகிற முடிவை எடுத்தவர்கள் வாசலில் நின்ற சனத்திடம் வந்து ஒரு வார்த்தை காரணம் சொல்லியிருக்கலாம். மலர், நீங்கள் ஒரு நாள் வெளியேற வேண்டி வந்தால் அதை நீங்களே போய்ச் சொல்லுங்கள், டிரைவரிடம் சொல்லி அனுப்பாதேயுங்கோ.

தாதி_ஜெயா:

எல்லாரும் வெளியிலிருந்து வரும் ஆபத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பெனியில் உள்ளூர்ப் பெண்களுக்கு ஆபத்து ஆபீஸுக்குள்ளேயே இருந்தது. வேலை வேண்டுமா, படுக்க வா என்று கேட்டவர்கள் எபோலாப் பணிக்கு வந்தவர்களே. 2021 செப்டம்பரில் சுயாதீன ஆணையத்தின் அறிக்கை வந்தது. 83 பேர் மீது குற்றச்சாட்டு, அதில் 21 பேர் உலக சுகாதார நிறுவனத்தின் ஆட்கள். சமையல், துப்புரவு, ஊருக்குள் விழிப்புணர்வு என்று தினக்கூலிக்கு வந்த பெண்கள்தான் பெரும்பாலும். ஊரோடு நம்பிக்கை வளர்க்கிறோம் என்று கூட்டம் போட்டுக்கொண்டே பக்கத்து அறையில் இது நடந்தது. அந்தப் பெண்ணின் அண்ணன் கல்லெடுத்தால் அதை 'சமூக எதிர்ப்பு' என்று எழுதுவீர்களா?

மலர், நேர்காணலில் நீங்களே கேளுங்கள்: தினக்கூலி ஆட்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒரே ஆள் கையில் இருக்கிறதா, புகார் யாரிடம் போகிறது, உள்ளூர் மொழியில் பேசுகிற பெண் அதில் இருக்கிறாரா என்று. பதில் சொல்லத் தடுமாறினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு நல்லதும் சொல்கிறேன், இல்லாவிட்டால் பயந்துவிடுவீர்கள். அங்கே தாய் சிகிச்சை மையத்தில் படுத்திருந்தால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள எபோலாவிலிருந்து பிழைத்த பெண்களையே வைத்திருந்தார்கள். அவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, முகம் மூடாமல் தூக்கிக் கொஞ்சலாம். விண்வெளி உடையில் வருகிற என்னை மாதிரி ஆளைக் கண்டால் குழந்தை வீறிடும். அந்தப் பெண்கள் ஊருக்குத் திரும்பிப் போய்ப் பேசியதை எந்த ஒலிபெருக்கியும் பேசவில்லை.

மலர்_எம்டி:

எல்லாருக்கும் நன்றி. காவலை வாங்கிக்கொள்வேன் என்று ஒரு வரியில் முடிக்கப்போவதில்லை. தங்குமிடம், ஊருக்குள் போவது, வெளியேறுவது என்று மூன்றாகப் பிரித்துப் பேசப்போகிறேன். குளிர்ப்பெட்டி அண்ணா, ஒரு சந்தேகம். போக வேண்டாம் என்று சொல்லும் உரிமை டிரைவருக்கு என்று நான் கொண்டுவந்தால், மேலே இருப்பவர்கள் இலக்கு என்ன ஆயிற்று என்று என்னைத்தானே கேட்பார்கள்?

குளிர்ப்பெட்டி:

கேட்பார்கள். வாராவாரம் கேட்பார்கள். அதை வாங்கிக்கொண்டு கீழே இறங்கவிடாமல் வைத்திருப்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: வண்டியை நிறுத்தும் அதிகாரம் களத்தில் இருப்பவருக்கு என்ற வரி. உள்ளூர் ஊழியருக்கும் உங்களுக்கும் காப்பீடு ஒன்றா, வேறா. முகாமைக் காலி செய்தால் உள்ளூர்க்காரர்களின் குடும்பத்துக்கு எத்தனை மாதச் சம்பளம் முன்பணமாகக் கொடுப்பார்கள். 2025 ஜனவரியில் எம்23 என்ற கிளர்ச்சிப் படை கோமாவைப் பிடித்த பிறகு இது வெறும் காகிதக் கேள்வி இல்லை. நான் இருந்த ஓர் இடத்தில் டிரைவர்களுக்குக் காப்பீடே மூன்றாம் நபர் ஒப்பந்தக்காரர் தலையில் இருந்தது, அவர் போனை எடுக்க மாட்டார்.

பிரெஞ்சு எவ்வளவு தெரியும்? நேர்காணலில் பாதி அதிலேயே நடக்கும். ஸ்வாஹிலி அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம், டிரைவர்கள் நன்றாகச் சொல்லித்தருவார்கள்.